அப்புக்காத்தரின் ஆற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இத்தாலியின் பலேர்மோவுக்கு நான் போனது தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு. மீன் பார்க்கப் போகவில்லை. ஆனால் ஆறு கிழமை அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, யார் பயணத்தைப் பற்றிக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது மீனின் கதைதான். சொல்லத் தொடங்கினால் இன்னும் கோபம் வருகிறது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு வன்னியிலிருந்து எங்களைப் போன்ற பெண்கள் வேலை தேடித் தெற்கே போனோம். பலர் உடுப்புத் தைக்கப் போனார்கள். எனக்குக் கிடைத்தது கொழும்புக்கு வடக்கே, தூண்டில் பூச்சி கட்டும் தொழிற்சாலை. நகத்தைவிடச் சிறிய கொக்கியில் நூலும் இறகும் முயல் மயிரும் சுற்றி, தண்ணீரில் வாழும் பூச்சியைப் போலச் செய்ய வேண்டும். ‘ஃபிளை’ என்பார்கள். குளிர் நாட்டு ஆறுகளில் ட்ரவுட் என்றொரு மீனைப் பிடிக்க அது வேண்டுமாம்.

பதினொரு வருடமாகக் கட்டுகிறேன். ட்ரவுட்டைச் சுவரில் ஒட்டிய படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். வேலை முடிந்து வரும்போது வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், கொண்டைக்குள்ளும் விரல் விடுவார்கள். ஒரு கொக்கிகூட வெளியே போகக்கூடாது. ஆகவே நான் கட்டிய பூச்சியையும் அந்தக் கட்டடத்துக்கு வெளியே ஒருநாளும் கண்டதில்லை.

பலேர்மோவில் வந்து இறங்கிய முதல் மணித்தியாலத்திலேயே கோபம் தொடங்கிவிட்டது. விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக இழுத்து வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்க மூன்று நாள் வெயிலில் காயவைத்து, வறுத்து இடித்த சரக்குத்தூள் அதில் இருந்தது. அதிகாரி பையைத் திறந்து மூக்கை வைத்தார். தும்மினார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். அவரும் தும்மினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்கள். நான் ஆங்கிலத்தில், “அது மருந்து,” என்றேன். “ஆகவேதான்,” என்றார் தும்மியவர்.

வெளியே ரவி நின்றான். தங்கச்சி சுகியின் புருஷன், என்னைவிட எட்டு வயது இளையவன், எனக்குத் தம்பி மாதிரி. “அக்கா, விடுங்கோ. பல்லரோச் சந்தையில எங்கட ஆக்களின்ர கடை இருக்கு. அங்கை எல்லாச் சரக்கும் கிடைக்கும்,” என்றான். எதற்கும் ‘விடுங்கோ’ என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு. அது எங்கிருந்து வந்ததென்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர்களின் வீடு ஒரேத்தோப் பக்கம், நாலாம் மாடி. மின்தூக்கியில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்த கடதாசியே பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. என் பெட்டியை ரவி தலையில் வைத்துக்கொண்டு ஏறினான். சுகி பிள்ளையை மடியில் போட்டபடி அழுதாள், சிரித்தாள், பிறகு சரக்குத்தூள் எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் பல்லரோச் சந்தைக்குப் போனோம். நகரத்தில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். மீன்காரர்கள் பாட்டு மாதிரி இழுத்துக் கூவுகிறார்கள். வாள்மீனின் தலையை நிமிர்த்திப் பனிக்கட்டியில் நட்டு வைத்திருக்கிறார்கள். கடலைமாவைக் கிண்டி, சப்பையாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். எங்கள் கடலை வடையிலிருந்து வெங்காயத்தையும் மிளகாயையும் பிடுங்கிவிட்டால் வரும் ருசி. தோடம்பழக் கடைக்காரர் ஒருவர் சியாகுல்லித் தோட்டத்து மண்டரீன் ஒன்றை உரித்து, கேட்காமலே என் கையில் வைத்தார். தேன். அன்று முழுக்க நான் யாரோடும் கோபிக்கவில்லை.

அடுத்த கிழமை ரவி ஒரு செய்தியோடு வந்தான். அவன் வேலை செய்வது ஒரு வக்கீல் வீட்டில். துடைப்பது, சமைப்பது, காரைக் கழுவுவது எல்லாம் அவன்தான். வக்கீலை இத்தாலியர் ‘அவ்வொக்காத்தோ’ என்கிறார்கள். நம்மூரில் அந்தக் காலத்தவர்கள் அப்புக்காத்தர் என்பார்களே, அதேதான். இந்த அப்புக்காத்தருக்குப் பூச்சித் தூண்டில் போடுவது பைத்தியம். மற்றவர்கள் அடுப்படியில் கிடக்கும் குளிர்காலத்தில்தான் அவர் மலைக்குப் போவார். அவர் போகும் ஆற்றில் ஒரு துண்டுக்கு மட்டும் குளிரிலும் அனுமதி உண்டு, பிடித்த மீனைத் திருப்பி விட வேண்டும்.

“நீங்கள் தூண்டில் சாமான் செய்யுற ஃபக்டரியில வேலை எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறார்,” என்றான் ரவி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த மீனைப் பார்க்கப் போகிறேன்.

சுகிதான் அடுப்படியில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள். “அக்கா, அந்தாள் என்ன சொன்னாலும் பேசாமல் இருங்கோ. இவருக்கு பெர்மெஸ்ஸோ எண்ட இருப்பு அனுமதி புதுப்பிக்கிற நேரம். வேலை ஒப்பந்தத்தில அந்தாள் கையெழுத்து வைக்காட்டி எங்களுக்கு இஞ்சை இருக்கேலாது. ரெண்டு மாசமா நாளைக்கு, நாளைக்கு எண்டு இழுக்கிறார்.”

“நான் ஏன் கதைக்கப் போறன்? எனக்கு அவையின்ர பாஷை தெரியாது,” என்றேன்.

ஞாயிறு விடிய அப்புக்காத்தரின் கார் கீழே வந்து நின்றது. அறுபது வயதிருக்கும், வடிவான வெள்ளைத் தாடி. பக்கத்து இருக்கையில் அவருடைய சிநேகிதி, மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், சிஞ்ஞோரா என்றே கூப்பிட்டார்கள். நானும் ரவியும் பின்னால், கூடைகளுக்கும் தூண்டில் தடிப் பைகளுக்கும் நடுவில். ஆற்றின் பெயரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அப்புக்காத்தர் காரில் ஏறியதுமே கேட்டுக்கொண்டார், மற்ற மீன்பிடிகாரர் வந்துவிடுவார்களாம். பெயரை எழுதாமல் விடுகிறேன். அவருக்கு நான் செய்யும் ஒரே மரியாதை இது.

வழியில் அவர் என்னைப் பற்றி ஏதோ கேட்டார். ரவி திருப்பிச் சொன்னான். “உங்கட ஃபக்டரியில எத்தினை மெஷின் இருக்கெண்டு கேக்கிறார்.”

“மெஷின் இல்லை. எல்லாம் கையால கட்டுறது எண்டு சொல்லு.”

ரவி இத்தாலியனில் நாலு சொல் சொன்னான். அப்புக்காத்தர் தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார். நான் சொன்னதைவிட அவன் சொன்னது குறைவாக இருந்ததாகப் பட்டது. கேட்கவில்லை.

மலையில் குளிர் முகத்தில் அறைந்தது. மேட்டில் பனி வெள்ளையாகக் கிடந்தது. நுவரெலியாவில் ஒருமுறை மார்கழியில் நடுங்கியிருக்கிறேன், இது அந்தக் குளிரைவிடப் பலமடங்கு. ஆறு என்று அவர்கள் சொன்னது எங்கள் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம். ஆனால் அந்தத் தண்ணீரை நான் எங்கும் கண்டதில்லை. கண்ணாடிபோல ஓடியது. அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம்.

அப்புக்காத்தரும் சிஞ்ஞோராவும் நெஞ்சுவரை வரும் நீர்புகாக் காற்சட்டை போட்டுக்கொண்டார்கள். ரவிக்கு ஒன்றும் இல்லை. ஜீன்ஸும், சந்தையில் வாங்கிய சப்பாத்தும்தான். கூடைகளை இறக்கி, அடுப்பை மூட்டி, கோப்பி வைத்துக் கொடுத்தான்.

அப்புக்காத்தர் மரத்தில் செய்த ஒரு சிறு பெட்டியைத் திறந்து சிஞ்ஞோராவிடம் நீட்டினார். உள்ளே வரிசையாகப் பூச்சிகள். தொழிற்சாலைக்கு வெளியே முதல் தடவை. என் கை தானாகவே நீண்டது. அவர் பெருமையாக ஏதோ சொன்னார், கையால் காற்றில் நூல் சுற்றிக் காட்டினார்.

“என்ன சொல்லுறார்?” என்று ரவியைக் கேட்டேன்.

“உங்கட நாட்டுச் சாமான் நல்லமாம். புகழுறார்.”

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. “அழகாக இருக்கின்றன, இல்லையா? எல்லாம் தன் கையாலேயே கட்டியதாம், குளிர்கால மாலைகளில். நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்,” என்றார். தன் கழுத்தில் தொங்கிய சின்னப் பூதக்கண்ணாடியையும் கழற்றித் தந்தார்.

ரவியைப் பார்த்தேன். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையில் பித்தளை மணி வைத்த ஒரு பூச்சியை எடுத்துக் கண்ணாடிக்குள் பார்த்தேன். நான் இடக்கைக்காரி. எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் நூல் சுற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக என் நூல் ஓடும். மேற்பார்வை பார்க்கும் பெண் முதல் வருடம் முழுக்க அதற்காக என்னைத் திட்டினாள். பிறகு, வாங்குகிறவனுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டாள். அந்தப் பூச்சியில் நூல் எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அப்படியே. பெட்டியில் பாதி என் கை. நாங்கள் அனுப்பும் பூச்சிகள் ஏதோ ஒரு ஐரோப்பியப் பெயர் போட்ட பெட்டிகளில் கடைக்குப் போகும். எங்கள் நாட்டின் பெயர் அதில் எங்கும் இராது. இந்த ஆள் அதைக் கடையில் வாங்கி, மரப்பெட்டிக்கு மாற்றிவிட்டு, மாலை நேரத்தில் தான் கட்டினேன் என்கிறார்.

அப்புக்காத்தர் கோப்பி பிடித்ததைக் கவனித்திருந்தேன். வலக்கை.

“நல்ல வேலை,” என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். சுகிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் தண்ணீருக்குள் இறங்கி வீசத் தொடங்கினார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. நூல் வானத்தில் வளைந்து போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் படுத்தது. குளிர் நாளில் மீன் மேலே வராதாம், அடியில் அசையாமல் கிடக்குமாம். பூச்சி அதன் வாய் வரைக்கும் இறங்க வேண்டும் என்று சிஞ்ஞோரா விளக்கினார். அந்தப் பித்தளை மணி அதற்குத்தானாம், பாரத்துக்கு. பதினொரு வருடமாக அந்த மணியைக் கோத்தேன். எதற்கென்று ஒருவரும் சொன்னதில்லை. வடிவுக்கு என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது மடுவில் தடி வளைந்தது. அவர் மீனை வலைக்குள் எடுத்து, தண்ணீரில் வைத்தபடியே எங்களுக்குக் காட்டினார். ஓடிப்போய்க் குனிந்தேன். படத்தில் பார்த்தது போல இல்லை. முதுகு பாசி நிறம், பக்கங்களில் கறுப்புப் பொட்டும் இடையிடையே சிவப்புப் பொட்டும், வயிறு வெண்ணெய் மாதிரி. செவுள் திறந்து மூடியது. மேலுதட்டில் என் பூச்சி. அவர் விரலால் அதைக் கழற்றியதும் மீன் அரைக் கணம் நின்று யோசித்துவிட்டு ஒரே வீச்சில் போய்விட்டது. நான் அழுதேன். ஏன் என்று இன்னும் தெரியாது. அந்த நேரம் அப்புக்காத்தரை மன்னிக்கவும் தயாராக இருந்தேன்.

அரை மணித்தியாலம் சென்றிருக்காது. அவருடைய பூச்சி எதிர்க்கரையோரம் விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் சிக்கியது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நூலை அறுத்தால் பூச்சி போய்விடும். அவர் நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஆழம். குனிந்தால் அவரது காற்சட்டைக்குள் தண்ணீர் போகக்கூடிய ஆழம்.

“ரவி,” என்று கூப்பிட்டுக் கையால் காட்டினார்.

“தம்பி, போகாதை,” என்றேன்.

“சின்ன வேலை அக்கா. விடுங்கோ.”

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். இடுப்புவரை போனான். மரத்தைப் பிடித்துக் குனிந்து கொக்கியைக் கழற்றுவது தெரிந்தது. திரும்பும்போது கல் உருண்டது. ஆள் முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டான். ஓட்டம் அவனைப் பத்துப் பதினைந்து அடி இழுத்துக்கொண்டு போய் ஒரு கல்லில் மோதியது. நானும் சிஞ்ஞோராவும் ஓடினோம். சிஞ்ஞோரா தண்ணீருக்குள் இறங்கி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். கரையில் போட்டபோது ரவியின் உதடு நீலமாக இருந்தது. பல் அடித்துக்கொண்டது. அவனால் பேச முடியவில்லை.

அப்புக்காத்தர் மெதுவாக நடந்து வந்தார். ரவியின் மூடிய கையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் ‘நின்ஃபா’ என்ற சொல் தெரியும், அந்த வகைப் பூச்சிக்கு எங்கள் தொழிற்சாலையிலும் ஏறக்குறைய அதே பெயர்தான். பூச்சி பத்திரமா என்று கேட்டார்.

ரவி கையை விரித்தான். பூச்சி உள்ளங்கையில் குத்தி நின்றது.

அதன்பிறகு நான் பேசியது என் தொழிற்சாலை ஆங்கிலத்தில். சரியோ பிழையோ, அவருக்கு விளங்கியது. “இதற்காகவா ஒரு மனுசனை இந்தத் தண்ணீருக்குள் இறக்கினாய்? இதைக் கட்ட எனக்கு நாலு நிமிடம் போதும். உன் பெட்டியில் பாதி நான் கட்டியவை. நீ கட்டவில்லை. நான் இடக்கைக்காரி, நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார். கடையில் வாங்கியதைக் காட்டிப் பொய் சொல்கிறாய். எனக்கு அது பரவாயில்லை. இவனுக்குப் பச்சைப்பிள்ளை ஒன்று இருக்கு.”

சிஞ்ஞோரா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி ரவிக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி அப்புக்காத்தரை ஒருமுறை பார்த்தார். அப்புக்காத்தரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தடியைக் கழற்றத் தொடங்கினார்.

காருக்குப் போனதும் பின் இருக்கையில் பொலித்தீன் விரித்தார். தோல் இருக்கை நனையக்கூடாதென்று. ரவி அதன்மேல் இருந்து பலேர்மோவரை நடுங்கிக்கொண்டு வந்தான். நான் அவன் கையிரண்டையும் என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணி குடித்த பிறகுதான் வாய் திறந்தான். “அக்கா, நீங்கள் நாலு கிழமையில போயிடுவியள்.”

அவ்வளவுதான் சொன்னான். சுகி அதுவும் சொல்லவில்லை. அன்றும் அடுத்த நாளும் என்னோடு பேசாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். எனக்கு அவர்கள் இரண்டு பேரிலும் கோபம் வந்தது. பிறகு, நான் ஏறிப் பறந்து போகிறவள், அவர்கள் அங்கேயே இருக்கப் போகிறவர்கள் என்று நினைத்தேன். கோபம் போகவில்லை, பக்கம் மாறி என் மேலேயே விழுந்தது.

திங்கள் இரவு ரவிக்குக் காய்ச்சல். செவ்வாயும் வேலைக்குப் போனான், அப்புக்காத்தர் அவனோடு ஒரு சொல்லும் பேசவில்லையாம். மாலையில் ஒரு தகவல் மட்டும்: புதன் காலை என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வர வேண்டும்.

“அக்கா, ஒருக்கால் வந்து மன்னிப்புக் கேளுங்கோ,” என்றாள் சுகி. இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “ஓம், வாறன்,” என்றேன். வேறு என்ன சொல்வது.

புதன்கிழமை பஸ் வேலைநிறுத்தம். தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் நின்ற பிறகுதான் ஒரு கிழவர் அதைச் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் எங்களோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினார். நடந்தே போனோம். நெருப்பாகக் கொதிக்கும் உடம்போடு ரவி எனக்கு முன்னால் நடந்தான், பிந்திவிடுமோ என்ற பயத்தில்.

மூன்றாம் மாடியில் புத்தக வாசம் அடிக்கும் பெரிய அறை. அப்புக்காத்தர் எழும்பி நின்று என் கையைக் குலுக்கினார். இவ்வளவு நாளும் ரவி மூலம் பேசியவர், இப்போது எனக்கே நேராக ஆங்கிலத்தில் பேசினார். மேசையில் ஒப்பந்தம் விரித்தபடி கிடந்தது.

“என்னை மன்னிக்க வேண்டும்,” என்றேன். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம்.

“தண்ணீர் குளிர்தான். அது நீங்கள் சொன்னது சரி,” என்றார் அவர். “அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் என் சிநேகிதி முன்னால் அந்தப் பூச்சி விஷயம். நாங்கள் இருபது வருடமாக ஒன்றாக மீன் பிடிக்கிறோம். இப்போது அவர் என் தொலைபேசியை எடுப்பதில்லை. உங்கள் குரலைக் கேட்டால் நம்புவார். நீங்கள் பிழையாகப் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும்.”

ரவியைப் பார்த்தேன். அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புக்காத்தர் மருந்துக்கடையின் எண்ணை அழுத்தி, தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. நான் யாரென்று சொன்னேன். “ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் பிழையாகப் பேசிவிட்டேன். அவை என் கை கட்டியவை இல்லை. அவருடையவைதான்.”

மறுபக்கம் கடைக் கதவின் மணி மட்டும் கேட்டது.

“விளங்குகிறது,” என்றார் சிஞ்ஞோரா. “அவர் பக்கத்தில் இருக்கிறாரா?”

“ஓம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் ஆம் என்றேன்.

“சரி. நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்டேன். இனி அதை விடுவோம். தண்ணீரில் விழுந்த அந்த மனிதர் எப்படி இருக்கிறார்? காய்ச்சல் வந்ததா? மருந்து ஏதாவது தரட்டுமா?”

அந்த மூன்று நாளில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர். அப்புக்காத்தரின் பேனா கடதாசிக்கு மேலே நின்றது. ரவி என்னைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

“காய்ச்சல் இல்லை. சுகமாக இருக்கிறார்,” என்றேன்.

அப்புக்காத்தர் கையெழுத்து வைத்தார். பெரிய, வடிவான கையெழுத்து. மை காயும்வரை ஊதியும் தந்தார்.

படியிறங்கி வெளியே வந்ததும் ரவி கேட்டான். “அக்கா, கோபமோ?”

“ஓம்.”

“என்னோடையுமோ?”

“உன்னோடையும்தான்.”

சரி என்பதுபோலத் தலையசைத்தான். இரண்டு தெரு நடந்திருப்போம், அதற்குமேல் அவனால் முடியவில்லை. ஒரு வேதக்கோயில் படியில் இருந்துவிட்டான். குளிர் காற்று அடிக்கும்போதே அவன் நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் வேர்வை ஓடியது. ஒப்பந்தத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தான். கையெழுத்து கரைந்துவிடப் போகிறதே என்று, முதலில் அதை இழுத்து எடுத்து என் பைக்குள் வைத்தேன். அதன்பிறகுதான் அவன் நெற்றியைத் துடைத்தேன்.